ஆலமரமும் ஆல்காட் பள்ளியும்: கணியம்பாடியிலிருந்து அடையாறு வரை

"சார், நம்மள உள்ள வுடுவாங்களா?"

சென்னை அடையாறில் பிரம்ம ஞான சபைத் தோட்டத்தின் வாசலில் நின்றபோது, எங்களுடன் வந்த எட்டாம் வகுப்பு மாணவி கேட்ட கேள்வி இது. பல நாட்களுக்கு முன்பே பேசி அனுமதி வாங்கியிருந்தோம். காவலாளி பட்டியலைப் பார்த்தார், தலைகளை எண்ணினார், கதவைத் திறந்துவிட்டார். அரை நிமிடத்தில் முடிந்துபோன விஷயம். ஆனால் அந்தக் கேள்வி அன்று மாலை வரை எங்களை விடவில்லை.

அவள் அப்படிக் கேட்டதற்குக் காரணம் உண்டு. கணியம்பாடி ஒன்றியத்தில் ஒரு கிராமத்தின் காலனியைச் சேர்ந்தவள். ஊருக்கும் காலனிக்கும் நடுவே ஒரு மாந்தோப்பு. இரண்டு கோடைக்கு முன்பு, உதிர்ந்து கிடந்த மாங்காயைப் பொறுக்கப் போன அவளுடைய அண்ணனை விரட்டிப் பிடித்து அடித்தார்கள். பிறகு அவன் அப்பாவை வரவழைத்து, சாதிப் பெயரைச் சொல்லித் திட்டி, ஊர் முன்னிலையில் மன்னிப்புக் கேட்க வைத்தார்கள். அப்பா அந்தத் தோப்புக்காரரின் நிலத்தில்தான் கூலிக்குப் போகிறார். அதனால் புகார் எதுவும் இல்லை. மரங்கள் அடர்ந்த இடத்தைச் சுற்றி வேலி இருந்தால், அது நமக்கான இடமில்லை என்று அந்த வீட்டுப் பிள்ளைகள் அன்றே படித்துவிட்டார்கள்.

எங்கள் மாலைநேரப் படிப்பு மையத்துப் பிள்ளைகள் 22 பேரை அழைத்துக்கொண்டு இந்தப் பயணம் புறப்பட்டதற்கு அதுவும் ஒரு காரணம். காடும் மரமும் இவர்களுக்குப் புதிது அல்ல. ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் பிறந்தவர்கள். 1967-இல் தொடங்கப்பட்ட அமிர்தி உயிரியல் பூங்காவுக்கு எல்லோருமே ஒரு முறையாவது போயிருக்கிறார்கள். மானையும் மயிலையும் பார்த்து, தண்ணீர் வரும் காலத்தில் அருவியில் குளித்தவர்கள். ஆனால் மரங்களுக்கு நடுவே நம்முடைய வரலாறும் இருக்கும் என்பதை அவர்கள் கேள்விப்பட்டதில்லை. அப்படி ஓர் இடம் அடையாறில் இருக்கிறது.

தோட்டம் வந்த கதை

விடியற்காலைப் பேருந்தில் காட்பாடி, அங்கிருந்து ரயிலில் சென்ட்ரல், பிறகு மாநகரப் பேருந்து. அடையாற்றுப் பாலத்தைத் தாண்டியதும் நகரத்தின் இரைச்சல் ஒரு மதிலோடு நின்றுவிடுகிறது. மதிலுக்கு உள்ளே 250 ஏக்கருக்கும் மேல் மரங்கள். ஒரு பக்கம் ஆறு, அது கடலில் சேரும் முகத்துவாரம். மகாகனி மரங்கள், தென்னந்தோப்பு, ஆப்பிரிக்காவிலிருந்து வந்த பெருக்க மரம். அதன் அடிமரத்தின் பருமனைப் பார்த்து, "நாலு பேரு கை கோத்தாலும் பத்தாது" என்று கையை விரித்துக் காட்டினான் ஒரு பையன்.

பிரம்ம ஞான சபை 1875-இல் நியூயார்க்கில் தொடங்கப்பட்டது. தொடங்கியவர்களில் முக்கியமானவர்கள் இருவர். ஒருவர் ரஷ்யப் பேரரசில் பிறந்த பிளாவட்ஸ்கி அம்மையார். இன்னொருவர் அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது ராணுவத்தில் பணியாற்றிய கர்னல் ஹென்றி ஸ்டீல் ஆல்காட். 1879-இல் இருவரும் பம்பாய் வந்தார்கள். 1882-இல் அடையாற்றின் தென்கரையில் ஹட்டில்ஸ்டன் தோட்டம் என்ற 27 ஏக்கர் இடத்தை வாங்கி, அந்த ஆண்டு டிசம்பரில் தலைமையகத்தை இங்கே மாற்றினார்கள். வெள்ளைக்கார அதிகாரிகளும் வணிகர்களும் ஆற்றங்கரையில் மாளிகை கட்டி, சுற்றிலும் தோட்டம் போட்டு வாழ்ந்த காலம் அது. 1907-இல் தலைவரான அன்னி பெசன்ட் அம்மையார் காலத்தில் பக்கத்துத் தோட்டங்களும் வாங்கிச் சேர்க்கப்பட்டன.

கூட்டம் கூட்டமாக மக்கள் வந்து பார்ப்பது இங்கேயுள்ள ஆலமரத்தை. 450 வயது என்று சொல்கிறார்கள். 1989-இல் அடித்த புயலில் நடுமரம் சாய்ந்துவிட்டது. இப்போது நிற்பதெல்லாம் விழுதுகள்தான். தோட்ட வேலை செய்யும் ஒரு பெரியவர் பிள்ளைகளிடம், "எது மரம், எது விழுது, சொல்லுங்க பாப்போம்" என்று கேட்டார். யாராலும் சொல்ல முடியவில்லை. "இனிமே எல்லாமே மரந்தான்" என்று சிரித்துவிட்டுத் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போனார்.

1936-இல் ருக்மிணி தேவி கலாக்ஷேத்திராவைத் தொடங்கியது இந்த வளாகத்தில்தான். 1939-இல் இத்தாலியரான மரியா மாண்டிசோரி வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்ததும் இங்கேதான். இதெல்லாம் சுற்றுலாப் புத்தகங்களில் இருக்கிறது. அந்தப் புத்தகங்களில் ஒரு வரியில் கடந்துபோகிற அல்லது வராமலே போகிற ஒரு செய்திக்காகத்தான் நாங்கள் போனோம்.

ஊரூரில் ஒரு பள்ளிக்கூடம்

1894-ஆம் ஆண்டு, இந்தத் தோட்டத்தை ஒட்டியிருந்த ஊரூர் பகுதியில் ஆல்காட் ஒரு பள்ளியைத் தொடங்கினார். அன்று பஞ்சமர் என்று அழைக்கப்பட்ட நம் மக்களின் பிள்ளைகளுக்கான இலவசப் பள்ளி அது. அந்தக் காலத்தில் மற்றப் பள்ளிக்கூடங்கள் நம் பிள்ளைகளைச் சேர்ப்பதில்லை. சேர்த்தாலும் திண்ணையிலோ வாசலிலோ தனியாக உட்கார வைப்பார்கள். சேர்த்தார்கள் என்பதற்காகவே மற்றச் சாதியார் தங்கள் பிள்ளைகளை நிறுத்திவிட்ட பள்ளிகளும் உண்டு.

அடுத்து வந்த சில ஆண்டுகளில் நகரின் மற்றப் பகுதிகளிலும் இப்படிப் பள்ளிகள் திறக்கப்பட்டன. மொத்தம் ஐந்து. அவற்றில் ஒன்றுக்குத் திருவள்ளுவர் பெயர். 1907 பிப்ரவரி 17 அன்று ஆல்காட் அடையாறில் இறந்தார். முதலில் தொடங்கிய பள்ளி மட்டும் இன்று ஆல்காட் நினைவுப் பள்ளியாக, பெசன்ட் நகரில் அதே தோட்டத்தின் ஓரத்தில் நடந்துவருகிறது. ஏழைப் பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லாமல் பாடம் சொல்லித்தருகிறது.

பள்ளியின் வெளியே நின்று இதைச் சொன்னபோது, பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் ஒரு கணக்குப் போட்டான். "1894-னா எங்க தாத்தாவோட தாத்தா சின்னப் பையனா இருந்திருப்பாரு. அவருக்குக் கையெழுத்துகூடப் போடத் தெரியாதுன்னு ஆயா சொல்லும்." அந்தப் பள்ளி அவருக்குக் கிடைத்திருந்தால் இந்தக் குடும்பத்தின் கதை எப்படி இருந்திருக்கும்? ஒரு தலைமுறைக்குக் கிடைக்காமல் போன பள்ளிக்கூடம், அடுத்த நான்கு தலைமுறைகளையும் சேர்த்தே பின்னால் தள்ளிவிடுகிறது.

முதலில் கேட்டவர்கள் நாம்

இந்த வரலாற்றை ஒரு வெள்ளைக்காரரின் இரக்கம் என்று மட்டும் சொல்லிவிட்டால், அது பாதி உண்மைதான். ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பாருங்கள்.

1891-இல் பண்டிதர் அயோத்திதாசர் திராவிட மகாஜன சபையைத் தொடங்கினார். அந்த ஆண்டு டிசம்பர் 1 அன்று நீலகிரியில் மாநாடு கூட்டி, கல்வி உள்ளிட்ட கோரிக்கைகளைத் தீர்மானமாகப் போட்டார். அதே காலத்தில் இரட்டைமலை சீனிவாசன் பறையர் மகாஜன சபையைக் கட்டினார். 1893-இல் 'பறையன்' என்ற பெயரிலேயே பத்திரிகை தொடங்கினார்.

செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் நம் மக்களின் நிலைமையை விசாரித்து அறிக்கை கொடுத்ததும் 1891-இல்தான். அதன் தொடர்ச்சியாக 1892-இல் நம் மக்களுக்கென்று நிலம் ஒதுக்கும் அரசாணை வந்தது. இன்று பஞ்சமி நிலம் என்கிறோமே, அதன் தொடக்கம் அதுதான். 1893 பிப்ரவரியில் பஞ்சமர் கல்விக்கான அரசாணை வந்தது. 1892-இல் சென்னையில் நடந்த மகாஜன சபைக் கூட்டத்தில் அயோத்திதாசர் கோயில் நுழைவைக் கேட்டபோது, கூட்டத்திலிருந்தவர்கள் கூச்சல் போட்டு மறுத்தார்கள். நான்காம் வகுப்பு வரை இலவசக் கல்வி வேண்டும், நிலம் வேண்டும் என்று கேட்டவரும் அவர்தான்.

இத்தனைக்கும் பிறகுதான் 1894. ஊரூர் பள்ளியின் கதவு உள்ளேயிருந்து திறந்தது உண்மைதான். ஆனால் அதற்கு முன்பே, வெளியே நின்று பல கதவுகளையும் தட்டியவர்கள் நம் முன்னோர்கள். இதைத்தான் எங்கள் பிள்ளைகள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும் என்று விரும்பினோம்.

1898-இல் அயோத்திதாசரும் அவருடைய தோழர்களும் ஆல்காட்டைச் சந்தித்தார்கள். நாங்கள் பூர்வ பௌத்தர்கள், எங்கள் பழைய மார்க்கத்துக்குத் திரும்ப உதவுங்கள் என்பது அவர்கள் கோரிக்கை. அதே ஆண்டில் அயோத்திதாசர் ஆல்காட்டுடன் கொழும்பு சென்று, சுமங்கல தேரரிடம் பஞ்சசீலம் ஏற்றார். திரும்பி வந்து இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார். 1907 ஜூன் 19 முதல் அங்கிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' வார இதழ் வெளிவந்தது. சங்கத்தின் கிளைகள் கோலார் தங்கவயல் வரை பரவின. திருப்பத்தூரிலும் கிளை இருந்தது. நம் மாவட்டத்திலிருந்து தங்கவயலுக்குச் சுரங்க வேலைக்குப் போன குடும்பங்கள் எத்தனையோ. அந்தக் குடும்பங்களின் பழைய பெட்டிகளைத் திறந்து பார்த்தால் ஒரு 'தமிழன்' இதழாவது கிடைக்கக்கூடும்.

அடையாறு தோட்டத்துக்குள் கோயில், தேவாலயம், மசூதி எல்லாம் உண்டு. ஒரு தாமரைக் குளத்தின் முன்னால் சிறிய புத்தர் கோயிலும் இருக்கிறது. பிள்ளைகள் அங்கே கொஞ்ச நேரம் சத்தமில்லாமல் நின்றார்கள். அம்பேத்கர் 1956-இல் பௌத்தம் ஏற்றது அவர்களுக்குத் தெரியும். அதற்கு 58 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு தமிழர் அந்த வழியில் நடந்தார் என்பது புதுச் செய்தி.

அதே தோட்டத்தில் இன்னொரு குரல்

நல்லதை மட்டும் சொல்லிவிட்டு வந்தால் பிள்ளைகளை ஏமாற்றியதாகிவிடும். ஆல்காட்டுக்குப் பின் தலைமைக்கு வந்த அன்னி பெசன்ட், 1909-இல் 'இந்தியன் ரிவ்யூ' இதழில் ஒரு கட்டுரை எழுதினார். ஒடுக்கப்பட்ட பிள்ளைகளை உயர்சாதிப் பிள்ளைகளோடு ஒரே பள்ளியில் உட்கார வைக்கக் கூடாது, முதலில் சுத்தமும் ஒழுக்கமும் தனியாகக் கற்றுத்தர வேண்டும் என்பது அதன் சாரம். புரட்சியாளர் அம்பேத்கர் இதை மறக்கவில்லை. காங்கிரசும் காந்தியும் தீண்டப்படாதவர்களுக்குச் செய்தது என்ன என்று கேட்டு அவர் 1945-இல் வெளியிட்ட நூலில் அந்தக் கட்டுரையை எடுத்துக்காட்டினார்.

எல்லோரும் சகோதரர்கள் என்பது சபையின் கொள்கை. ஆனால் ஒரே பெஞ்சில் உட்காருவது என்று வந்தபோது தயக்கம். ஒரே தோட்டம், ஒரே ஆலமரம், அதன் நிழலில் இரண்டு விதமான குரல்கள். இதைக் கேட்ட மாணவி ஒருத்தி, "சுத்தமா இல்லன்னு சொன்னாங்களே, எங்க தெருவுக்கு தண்ணி விட்டாங்களாமா?" என்றாள். நூறு ஆண்டுப் பழைய கட்டுரைக்கு ஒரு வரியில் பதில்.

தோட்டத்துக்குப் போனால் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

பழைய மாளிகை, பழைய பூங்கா, பழைய தோட்டம் எதுவானாலும் அழகை ரசிப்பதோடு மூன்று கேள்விகளையும் கேட்கப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தோம். இந்த நிலம் இதற்கு முன் யாருடையது? இந்த மரங்களுக்குத் தண்ணீர் ஊற்றியது யார்? அந்தக் காலத்தில் உள்ளே வர முடியாமல் போனவர்கள் யார்?

அடையாறுக்குப் பக்கத்தில் கிண்டி இருக்கிறது. ஒரு காலத்தில் ஆங்கிலேய ஆளுநர்களின் வனமாளிகைத் தோட்டம். 1978-இல் அதன் ஒரு பகுதி தேசியப் பூங்காவானது. இன்று அங்கே நம் பிள்ளைகள் டிக்கெட் எடுத்து மான் பார்க்கிறார்கள். ஒருவருக்கு மட்டும் என்று இருந்த காடு, எல்லோருக்கும் ஆன கதை அது.

பிரிட்டனிலும் இந்தக் கேள்விகள் எழுந்திருக்கின்றன. அங்கே பழைய மாளிகைகளையும் தோட்டங்களையும் பராமரிக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பு 2020-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. தன் பராமரிப்பில் உள்ள 93 இடங்களுக்கு அடிமை வியாபாரத்தோடும் காலனி ஆட்சியோடும் தொடர்பு உண்டு என்று அதில் ஒப்புக்கொண்டது. பெரும் எதிர்ப்பு கிளம்பியது. ஆனாலும் அழகான புல்வெளிக்குப் பின்னால் யாருடைய வியர்வை இருக்கிறது என்று அங்கே பேசத் தொடங்கிவிட்டார்கள். நம் ஊரிலும் ஏரிக்கரைத் தோப்புகளையும் ஜமீன் மாளிகைகளையும் பற்றிப் பேச வேண்டும்.

தலைமையக மண்டபத்தில் பிளாவட்ஸ்கிக்கும் ஆல்காட்டுக்கும் சிலை இருக்கிறது. மரம் நட்டவர்களுக்கும், இலை கூட்டியவர்களுக்கும், 1894-இல் முதன்முதலாகச் சிலேட்டுப் பிடித்த பிள்ளைகளுக்கும் சிலை கிடையாது. அவர்கள் பெயரைத் தேடுவது படிக்கிற பிள்ளைகளின் வேலை.

சட்டம் நம் பக்கம்

"உள்ள வுடுவாங்களா" என்ற கேள்விக்குச் சட்டம் எப்போதோ பதில் சொல்லிவிட்டது. 1924-இல் இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டமன்றத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலை, கிணறு, குளம், பொதுக் கட்டடம் எதையும் எந்த வகுப்பாரும் பயன்படுத்தலாம் என்ற அந்தத் தீர்மானம் நிறைவேறியது. அரசமைப்புச் சட்டத்தின் 15-ஆவது பிரிவு, பொது இடங்களில் சாதியைச் சொல்லி யாரையும் தடுக்கக் கூடாது என்கிறது. 17-ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தது.

மாந்தோப்பு தனியார் சொத்தாக இருக்கலாம். அனுமதி இல்லாமல் நுழையக் கூடாது என்று சொல்ல உரிமையாளருக்கு உரிமை உண்டு. ஆனால் ஒரு பையனை அடிக்கவோ, பலர் பார்க்கச் சாதிப் பெயரைச் சொல்லி அவன் அப்பாவை அவமானப்படுத்தவோ யாருக்கும் உரிமை இல்லை. 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி அது குற்றம். இப்படி நடந்தால் 14566 என்ற தேசிய உதவி எண்ணில் கட்டணமின்றிப் புகார் சொல்லலாம். பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கு வருமானம் எவ்வளவாக இருந்தாலும் இலவச சட்ட உதவி கிடைக்கும். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம், அல்லது 15100-க்கு அழைக்கலாம். இந்த இரண்டு எண்களையும் பிள்ளைகள் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவைத்திருக்கிறார்கள். நீங்களும் எழுதிக்கொள்ளுங்கள்.

திரும்பி வந்தபோது

பயணம் போக நினைக்கும் ஆசிரியர்களுக்கும் படிப்பு மையங்களுக்கும் ஒரு வார்த்தை. அடையாறு தோட்டத்துக்குப் போகுமுன் அனுமதியும் நேரமும் கேட்டுக்கொள்ளுங்கள். பிள்ளைகளிடம் 1891 முதல் 1898 வரையிலான ஆண்டுகளை முன்பே சொல்லிவையுங்கள். மரத்தைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிவிடாமல், பள்ளிக்கூடத்தின் வாசலிலும் பத்து நிமிடம் நில்லுங்கள்.

இரவு பத்து மணிக்குக் கணியம்பாடியில் இறங்கினோம். அந்த மாணவியை வீட்டில் விடப் போனபோது, அவளுடைய ஆயா தூங்காமல் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். பேத்தி ஆலமரத்தைப் பற்றி மூச்சுவிடாமல் சொன்னாள். ஆயா கேட்டார்:

"அந்த மரத்து நெழல்ல நின்னீங்களா?"

"நின்னோம் ஆயா."

"யாரும் ஒண்ணும் சொல்லலியா?"

"ஒண்ணும் சொல்லல."

ஆயா எங்களைப் பார்த்து, "அடுத்த தபா அவ அண்ணனையும் இட்டுனு போ சாமி" என்றார். கோடை விடுமுறையில் மறுபடியும் போகிறோம். பட்டியலில் முதல் பெயர் அவனுடையது.